துனிசியா பயணம்: ஏஜென்ட் தந்த திட்டத்தைப் பிரித்து நமக்கேற்றபடி அமைப்பது எப்படி?

பவானிக்கரை

வணக்கம். அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு துனிசியா போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், அம்மா. அம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு, முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். மகளுக்கு ரோமானிய வரலாறு என்றால் உயிர். எனக்கும் மனைவிக்கும் பாலைவனத்தில் நிம்மதியாக இருக்க வேண்டும், கடைசியில் கொஞ்சம் கடற்கரை வேண்டும். பயணத்துக்கு மொத்தம் பன்னிரண்டு நாள்.

ஓர் ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்தார். துனிஸ், ஹம்மமெத், சூஸ், எல் ஜெம், மத்மத்தா, தூஸ், தோஸர், கைரவான், திரும்ப ஹம்மமெத். தினமும் ஒரு ஊர், தினமும் ஒரு ஹோட்டல். பாலைவனத்துக்கு என்று இருப்பது தூஸில் ஒரு மாலை நேர ஒட்டகச் சவாரி மட்டும். "உங்களுக்காகவே தயாரித்தது" என்று மேலே எழுதியிருக்கிறார், ஆனால் யாருக்கும் இதையேதான் தருவார் என்று தோன்றுகிறது. அங்கே போனவர்கள், இருந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

தென்காற்று

வேலை நிமித்தமாக காபெஸ் பக்கம் சில காலம் இருந்தவன் என்பதால் சொல்கிறேன். முதலில் அந்தத் திட்டத்தில் ஹம்மமெத்தையும் சூஸையும் அடித்துவிடுங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து வெயிலுக்காக வருபவர்களுக்கான கடற்கரை ஊர்கள். சூஸின் பழைய நகரம் நல்ல இடம்தான், யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் கடல் ஜெர்பா தீவில் கிடைக்கும். பாலைவனம் முடித்துக் கிழக்கே இறங்கினால் ஜெர்பா வழியிலேயே வருகிறது. ஏஜென்ட் ஏன் ஹம்மமெத்தில் முடிக்கிறார் என்றால் அவருக்கு அங்கே ஹோட்டல் ஒப்பந்தம் இருக்கும்.

இரண்டாவது, துனிசியா சின்ன நாடுதான், தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் பெரியது. அதனாலேயே எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் ஏமாறுகிறார்கள். சாலை நன்றாக இருக்கும், ஆனால் தெற்கே ஊருக்கு ஊர் இடைவெளி அதிகம். தினமும் பெட்டி கட்டினால் அம்மாவுக்கு மூன்றாம் நாளே முடியாமல் போகும்.

என் யோசனை: துனிஸில் மூன்று இரவு, தோஸரில் இரண்டு இரவு, பாலைவனத்துக்குள் ஒரே இடத்தில் இரண்டு இரவு, ஜெர்பாவில் இரண்டு இரவு. நடுவில் கைரவானும் எல் ஜெமும். பாலைவனத்தில் ஓர் இரவு மட்டும் தங்கினால் சாயங்காலம் போய் இறங்குவீர்கள், காலையில் கிளப்பிவிடுவார்கள். இரண்டாம் இரவு இருந்தால்தான் நடுவில் ஒரு முழுப் பகல் உங்கள் கைக்கு வரும். வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள்.

தூஸைப் பற்றி ஒரு வார்த்தை. சஹாராவின் வாசல் என்று சொல்வார்கள், வியாழக்கிழமைச் சந்தை அருமையாக இருக்கும், டிசம்பர் கடைசியில் பெரிய சஹாரா திருவிழாவும் உண்டு. ஆனால் ஊரை ஒட்டியுள்ள மணல் மேடுகள் சிறியவை, சாயங்காலம் ஆனால் ஒட்டக வரிசையும் நாலு சக்கர பைக் சத்தமும்தான். பெரிய மணல் வேண்டும் என்றால் தெற்கே க்ஸார் கிலான் போக வேண்டும். கிழக்குப் பெருமணல் பரப்பின் ஓரத்தில் இருக்கும் சோலை அது. வெந்நீர் ஊற்று உண்டு. மணலில் கொஞ்ச தூரம் நடந்தால் திசாவர் என்ற ரோமானியக் கோட்டை நிற்கிறது, உங்கள் மகளுக்குப் பிடிக்கும். ரோமப் பேரரசின் தெற்கு எல்லைக் காவல் அரண்களில் அது ஒன்று.

ஸ்டியரிங்

க்ஸார் கிலானும் இப்போது கூட்டம்தான். உண்மையான பாலைவனம் வேண்டும் என்றால் தெம்பைன் போங்கள். தூஸிலிருந்து மணலுக்குள் ஜீப்பில் போக வேண்டும். மேசை போலத் தட்டையான தலையோடு ஒரு மலை, சுற்றிலும் மணல், வேறு ஒன்றும் கிடையாது. இரவில் நட்சத்திரம் பார்த்தால் ஊருக்குத் திரும்ப மனசு வராது.

அப்புறம் ஏஜென்ட் எதற்கு? துனிஸில் கார் எடுத்து நீங்களே ஓட்டுங்கள். துனிஸிலிருந்து காபெஸ் வரை நெடுஞ்சாலை இருக்கிறது.

நீலக்கதவு

ஸ்டியரிங், தெம்பைன் அழகு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலும் தரையில் மெத்தை போட்டுத்தான் படுக்கை, கழிப்பறை வசதி பெயருக்குத்தான். முழங்கால் வலி உள்ள அம்மாவை அங்கே கூட்டிப் போகச் சொல்வது சரியில்லை. க்ஸார் கிலானில் கட்டிலும் குளியலறையும் உள்ள நிரந்தரக் கூடாரங்கள் உண்டு. பவானிக்கரை, முகாமை முடிவு செய்யும்போது கட்டிலின் உயரத்தைக்கூடக் கேளுங்கள், படமும் அனுப்பச் சொல்லுங்கள். நான் தனியாகப் போனபோது "தனி முகாம்" என்று எழுத்திலேயே உறுதி கொடுத்து முழுப் பணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். போய்ப் பார்த்தால் ஜெனரேட்டருக்குப் பக்கத்துக் கூடாரம், சுற்றி ஒரு பஸ் கூட்டம். அதிலிருந்து சொல்கிறேன், முழுப் பணத்தை யாருக்கும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். ஒரு பங்கு முன்பணம், மீதி அங்கே போய் இறங்கிய பிறகு.

அம்மாவை ஒட்டகத்திலும் ஏற்ற வேண்டாம். அது எழும்போது முதலில் பின்னங்காலைத் தூக்கும், ஆளை முன்னால் தள்ளும், பிறகு பின்னால் இழுக்கும். முழங்காலுக்கு மட்டுமல்ல, இடுப்புக்கும் ஆகாது. தோஸரில் பேரீச்சந்தோப்புக்குள் குதிரை வண்டி போகும், அது போதும்.

தோஸரில் இரண்டு இரவு என்று தென்காற்று சொன்னதை நான் மூன்று ஆக்குவேன். பழைய பகுதியின் வீடுகளெல்லாம் வெளிர்மஞ்சள் நிறச் செங்கல். சில செங்கல்லை வெளியே நீட்டி, சிலதை உள்ளே தள்ளி, சுவர் முழுக்கக் கோலம் மாதிரி வடிவங்கள் எடுத்திருப்பார்கள். வெயில் சாயும்போது நீட்டிய செங்கல்லின் நிழல் விழுந்து வடிவம் இன்னும் தெளிவாகத் தெரியும். அப்புறம் தோப்பு. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும், அதற்கும் கீழே காய்கறி என்று மூன்று அடுக்கு விவசாயம். 13ஆம் நூற்றாண்டில் இப்ன் ஷப்பாத் என்ற அறிஞர் ஊற்று நீரை யாருக்கு எவ்வளவு நேரம் என்று பங்கிட்டுக் கொடுத்த ஊர் அது. அடியில் ஓட்டை போட்ட பானையிலிருந்து நீர் வடியும் நேரத்தை வைத்து முறை கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் போகும் அக்டோபர் கடைசியில் 'தெக்லத் நூர்' பேரீச்சை அறுவடை நடக்கும். குலையோடு வெட்டி, ஆள் மாற்றி ஆள் கைமாற்றிக் கீழே இறக்குவதைப் பார்க்க ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள்.

பவானிக்கரை

அக்கா, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. முன்பணம் பற்றிச் சொன்னதற்கு நன்றி, எங்கள் ஏஜென்டும் முழுத் தொகைதான் கேட்கிறார். ஸ்டியரிங், வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. அம்மாவையும் மகளையும் வைத்துக்கொண்டு நானே ஓட்டத் தயக்கமாக இருக்கிறது. முழுக்க ஜீப்பும் டிரைவரும் என்றால் செலவு எகிறுகிறது.

தென்காற்று

முழுக்க ஜீப் எதற்கு? இந்த ஒரு விஷயத்தில்தான் ஏஜென்டுகள் அதிகம் சம்பாதிக்கிறார்கள். துனிஸ், கைரவான், எல் ஜெம், தோஸர், தூஸ், ததாவின், ஜெர்பா எல்லாமே தார்ச்சாலை. சாதாரண காரும் டிரைவரும் போதும். மணலுக்குள் இறங்கும் நாட்களுக்கு மட்டும் தூஸில் உள்ளூர் ஜீப்பை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மணலில் ஓட்டுவது தூஸ் பக்கத்து மராஸிக் என்ற பழங்குடி ஆட்களுக்குப் பரம்பரைப் பழக்கம். துனிஸிலிருந்து வரும் டிரைவரைவிட அவர்களை நம்பலாம்.

விலைப் பட்டியல் வாங்கும்போது ஆளுக்கா வண்டிக்கா என்று பிரித்துக் கேளுங்கள். நாலு பேர் என்றால் வண்டிக் கணக்கு லாபம். டீசல், சுங்கம், டிரைவரின் சாப்பாடும் தங்கலும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். "கடைகளில் நிறுத்தக் கூடாது" என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கைரவானில் கம்பளக் கடை நிறுத்தம் ஒன்று கட்டாயம் வரும். தேநீர் கொடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிடுவார்கள். கம்பளம் வாங்க ஆசை இருந்தால் அது வேறு, கைரவான் கம்பளம் உண்மையிலேயே தரமானது.

ஸ்டியரிங் சொல்வதும் தவறில்லை, இளம் ஜோடி என்றால் நானும் காரை எடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வாடகைக் காரின் காப்பீடு பொதுவாக மண்பாதையில் செல்லாது. ராத்திரியில் விளக்கில்லாத மொபெட், ஆடு, ஒட்டகம் எல்லாம் சாலையில் வரும். வேகத்தடைக்குப் பல ஊரில் அடையாளமே இருக்காது.

ஸ்டியரிங்

ராத்திரி ஓட்டக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். குடும்ப நிலைமைக்கு டிரைவரே சரி. ஒன்று மட்டும், தோஸரிலிருந்து தூஸுக்குப் போகும் சாலை ஷொத் எல் ஜெரித் என்ற உப்பு ஏரியின் குறுக்கே போகிறது. அதில் வண்டியை விரட்டச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை உப்பு. சாலையோரக் கால்வாயில் தங்கிய நீர் சில இடங்களில் ரோஜா நிறம், சில இடங்களில் பச்சை. வெயில் ஏறினால் தொலைவில் தண்ணீரும் மரமும் இருப்பது போலக் கானல் தெரியும். நடுவில் நிறுத்தி இறங்கிப் பாருங்கள். ஆனால் உப்பு மேல் உள்ளே ரொம்ப தூரம் நடக்க வேண்டாம், மேலோடு காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு.

இடிச்சபுளி

சைவச் சாப்பாடு பற்றி யாரும் பேசவில்லையே. காய்கறி குஸ்குஸ் (ஆவியில் வேகவைத்த கோதுமை ரவைச் சாப்பாடு) என்று கேட்டால் தருவார்கள், ஆனால் பல இடங்களில் அந்தக் காய் வெந்தது ஆட்டிறைச்சிச் சாற்றில்தான். மெஷ்வியா என்று சுட்ட மிளகாய், தக்காளி சாலட் வரும், நம் நாக்குக்கு ரொம்பப் பிடிக்கும், மேலே டூனா மீனும் முட்டையும் வைத்துவிடுவார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும்போதே "ப்லா லஹம், ப்லா ஹூத்" என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று அர்த்தம். முட்டைக்கு "ப்லா அத்ம்".

அம்மாவுக்குக் கை கொடுப்பது லப்லாபி. காய்ந்த ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, அதன்மேல் கொதிக்கும் கொண்டைக்கடலையைச் சாறோடு ஊற்றி, சீரகத்தூள், ஹரிஸ்ஸா மிளகாய் விழுது, ஆலிவ் எண்ணெய் சேர்ப்பார்கள். டூனாவும் முட்டையும் வேண்டாம் என்றால் வைக்க மாட்டார்கள். சாறு எதில் வெந்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அதைச் சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். அப்புறம் தபூனா என்று மண் அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடும் ரொட்டி. பாலைவன முகாமில் இன்னும் ஒரு ரொட்டி கிடைக்கும். நெருப்பை ஒதுக்கி, சூடான மணலில் நேரடியாக மாவைத் தட்டிப் போட்டு, மேலே மணலும் தணலும் மூடிவிடுவார்கள். வெந்ததும் எடுத்துத் தட்டி, துடைத்து, பிய்த்துத் தருவார்கள். பல்லில் மணல் படாது, பயப்பட வேண்டாம்.

தெற்கே பேரீச்சை மரத்தில் இறக்கும் 'லெக்மி' கிடைத்தால் காலையிலேயே குடித்துப் பாருங்கள். நம் பதநீரேதான். வெயில் ஏறினால் புளித்துக் கள்ளாகிவிடும் என்பதிலும் ஒரே கதை.

பரிஸ்வாசி

தம்பி, நாங்கள் பரிசில் இருக்கிறோம். பிள்ளைகளின் விடுமுறைக்கு ஜெர்பா போய் வருவது வழக்கம், அதனால் அந்தத் தீவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அக்டோபர் கடைசியில் கடல் இன்னும் குளிராது, குளிக்கலாம். கிழக்குப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் எல்லாம் அடக்கம் என்று காசு வாங்கி உள்ளேயே வைத்திருப்பார்கள். அதைவிட ஹூம்த் சூக்கிலோ எர்ரியாத்திலோ முற்றம் வைத்த பழைய வீடுகளில் தங்குவது வடிவு. எர்ரியாத் ஊர்ச் சுவர்களில் 2014இல் பல நாட்டு ஓவியர்கள் வந்து வரைந்த படங்கள் இருக்கின்றன, பிள்ளைக்குப் பிடிக்கும்.

ஹூம்த் சூக் மீன் சந்தையில் ஏலம் கூறுவதைக் கட்டாயம் பாருங்கள். ஏலக்காரர் உயரமான நாற்காலியில் ஏறி இருப்பார். மீன்களை நாரில் கோர்த்துக் கொத்தாகத் தூக்கிப் பிடித்து விலை கூறுவார். அம்மா சைவம் என்றால் அவவைப் பக்கத்துச் சந்தையில் ஒலிவ், மசாலாச் சாமான் பார்க்க விடுங்கள்.

எர்ரியாத்தில் எல் க்ரிபா என்ற மிகப் பழைய யூத ஆலயம் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே தாக்குதல் நடந்தது, அதற்கு முன்பு 2002இலும். அதனால் சோதனை கடுமை. கடவுச்சீட்டை கையில் கொண்டு போங்கள். இன்னொன்று, அங்கே ஆங்கிலம் குறைவு. அரபும் பிரெஞ்சும்தான் கதைப்பார்கள். நாலு பிரெஞ்சு வார்த்தை தெரிந்தால் முகமே மலரும்.

வழிப்போக்கன்

தாக்குதல் என்றதும் கேட்கிறேன். 2015இல் பார்தோ அருங்காட்சியகத்திலும் சூஸ் கடற்கரையிலும் நடந்ததை மறக்க முடியுமா? பெண் பிள்ளையோடும் வயதானவரோடும் போவது சரியா?

தென்காற்று

நியாயமான கேள்வி. அந்த இரண்டு தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்பு ஏற்பாடு அடியோடு மாறியது. சாலையில் தேசியக் காவல் படை நிறுத்தி விசாரிக்கும், பாஸ்போர்ட் நகல் எப்போதும் கையில் இருக்கட்டும். போகவே கூடாத இடங்கள் உண்டு. மேற்கே கஸ்ஸரின் பக்கம் ஷம்பி மலைப் பகுதி, கிழக்கே லிபிய எல்லையோரம், ததாவினுக்குத் தெற்கே ராணுவப் பகுதி. கடைசியில் சொன்னதற்குள் போக தனி அனுமதி வேண்டும். நீங்கள் போகும் வழியில் இவை எதுவும் இல்லை. தோஸரிலிருந்து ஷெபிகா, தமெர்ஸா, மிதெஸ் என்ற மலைச்சோலைகளுக்குப் போவார்கள். அதில் மிதெஸ் அல்ஜீரிய எல்லையை ஒட்டியது. அந்த வாரத்து நிலவரத்தை டிரைவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது எல்லைப் பகுதிகளுக்குச் செல்லுமா என்று படித்துப் பாருங்கள், பல காப்பீடுகள் செல்லாது.

ட்ரோன் கொண்டு போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். காவல் நிலையம், ராணுவ வண்டி எதையும் படம் எடுக்க வேண்டாம்.

பழையபட்டாளம்

நான் ராணுவத்தில் இருந்தவன். காபெஸ் பக்கம் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. 1943 ஏப்ரலில் காபெஸுக்கு வடக்கே வாடி அகாரித்தில் ஜெர்மானிய, இத்தாலியப் படைகளின் அரணை உடைத்ததில் நம் 4ஆவது இந்திய டிவிஷனுக்குப் பெரிய பங்கு. அதே மாதம் ஜெபல் கார்சி மலையில் ராஜபுதன ரைஃபிள்ஸைச் சேர்ந்த கம்பெனி ஹவில்தார் மேஜர் சேலு ராம், காயம் பட்ட பிறகும் படையை நடத்திக்கொண்டே உயிர் விட்டார். விக்டோரியா கிராஸ் அவருக்கு இறந்த பிறகுதான் வந்தது. ஸ்ஃபாக்ஸ் போர்க் கல்லறையில் இருக்கிறார். இந்தியாவிலிருந்து துனிசியா போகிறவர்கள் எத்தனையோ பேர், அங்கே போய் நின்றவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. எல் ஜெம் வரை போகிறீர்கள். ஸ்ஃபாக்ஸ் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவுதான். முடிந்தால் போய் வாருங்கள்.

பவானிக்கரை

ஐயா, மகளிடம் படித்துக் காட்டினேன். கட்டாயம் போகவேண்டும் என்கிறாள், எனக்கும் அப்படித்தான். ஆனால் கைரவானில் தங்குவதா ஸ்ஃபாக்ஸில் தங்குவதா என்று இப்போது குழப்பம்.

தென்காற்று

குழப்பமே இல்லை, வரிசையை மாற்றினால் போதும். துனிஸிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் கைரவான் சுமார் 160 கிலோமீட்டர். 670இல் உக்பா இப்ன் நாஃபி நிறுவிய ஊர். பெரிய மசூதியின் முற்றம் வரை மற்ற மதத்தவரை விடுவார்கள், தொழுகை மண்டபத்தை வாசலில் நின்று பார்க்கலாம். காலையிலேயே போய்விட வேண்டும், மதியத்துக்கு மேல் பார்வையாளர்களை விடமாட்டார்கள், வெள்ளிக்கிழமை இன்னும் முன்னதாகவே மூடிவிடுவார்கள். முற்றத்துத் தரை நடுப்பக்கம் சரிந்திருக்கும், மழை நீரெல்லாம் அங்கே சேர்ந்து அடியில் உள்ள தொட்டிக்குப் போகிற மாதிரி. தூண்கள் பெரும்பாலும் ரோமானிய, பைசாந்தியக் கட்டடங்களிலிருந்து கொண்டு வந்தவை, ஒன்றின் தலைப்பு மாதிரி இன்னொன்று இருக்காது. மகளை அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மதியம் எல் ஜெம். சுமார் 35,000 பேர் உட்காரும் அளவுக்கு 3ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அரங்கம், சின்ன ஊருக்கு நடுவே திடீரென்று நிற்கும். அம்மா கீழே களத்தில் நிழலில் உட்காரட்டும், நீங்கள் மேலே ஏறுங்கள், மிருகங்களை அடைத்து வைத்த சுரங்க அறைகளையும் பாருங்கள். ராத்திரி ஸ்ஃபாக்ஸ். மறுநாள் காலையில் கல்லறை, பிறகு கஃப்சா வழியாக தோஸர். ஸ்ஃபாக்ஸிலிருந்து தோஸர் 300 கிலோமீட்டருக்குள்தான். இதனால் ஓர் இரவுகூட அதிகமாகாது.

நீலக்கதவு

துனிஸின் மூன்று இரவில் ஒரு பகலை துக்காவுக்குக் கொடுங்கள். எல் ஜெம்மை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு துக்காதான் பெரியது. குன்றின் மேல் ஒரு முழு ரோமானிய ஊர். அரங்கம், கோயில், தெரு, குளியல் வீடு, கழிப்பறை எல்லாம் இருந்த இடத்திலேயே. சுற்றி ஆலிவ் தோட்டம். அங்கே உள்ள, ரோமானியருக்கு முந்தைய நுமிதிய அரசு காலத்துக் கல்லறைக் கோபுரத்தில் இரண்டு மொழியில் இருந்த கல்வெட்டை 1842இல் ஆங்கிலேயத் தூதர் பெயர்த்தெடுக்க, கோபுரமே இடிந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். கல்வெட்டு இன்றும் லண்டனில்தான் இருக்கிறது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் கோபம் வரும்.

பணம் பற்றி: துனிசிய தினாரை நாட்டுக்கு உள்ளேயும் கொண்டு வர முடியாது, வெளியேயும் எடுத்துப் போக முடியாது. ஒரு டாலருக்கு சுமார் 3 தினார். விமான நிலையத்தில் மாற்றும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், திரும்ப மாற்ற அதைக் கேட்பார்கள். க்ஸார் கிலானில் ஏடிஎம் கிடையாது, தூஸிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியில் பாலைவனத்தில் பகல் இதமாக இருக்கும், ராத்திரி அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

பவானிக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இப்போது திட்டம் இப்படி: துனிஸ் மூன்று இரவு, அதில் ஒரு நாள் துக்கா, ஒரு நாள் பார்தோ, கார்தேஜ், சிதி பூ சயித். பிறகு கைரவான், எல் ஜெம் பார்த்து ஸ்ஃபாக்ஸ் ஓர் இரவு. தோஸர் இரண்டு. உப்பு ஏரியைக் கடந்து தூஸ் வழியாக க்ஸார் கிலான் இரண்டு, ஜீப் தூஸிலிருந்து மட்டும். அங்கிருந்து ஷெனினி மலைக் கிராமத்தைப் பார்த்து ஜெர்பா இரண்டு. கடைசி நாளுக்கு முந்தைய நாள் உள்நாட்டு விமானத்தில் துனிஸ் வந்து ஓர் இரவு, மறுநாள் துபாய் வழியாக சென்னை. டெல்லி தூதரகத்துக்கு விசா பற்றி எழுதியிருக்கிறேன், பதில் வந்த பிறகுதான் டிக்கெட். ஏஜென்டிடம் இதை அப்படியே கொடுத்து, வண்டிக் கணக்கில் விலை கேட்கப் போகிறேன். மறுத்தால் தூஸில் உள்ள உள்ளூர் ஆட்களுக்கே எழுதுவேன். எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

தென்காற்று

நல்ல திட்டம். இரண்டு திருத்தம். பார்தோ திங்கட்கிழமை மூடியிருக்கும், கைரவான் வெள்ளியில் விழக் கூடாது. வந்து இறங்கும் கிழமையை இந்த இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ஷெனினியில் மேலே வெள்ளை மசூதி வரை ஏற்றம் உண்டு, அம்மா கீழே டீக்கடையில் இருக்கட்டும். அவருக்காக க்ஸார் ஊலெத் சுல்தானை வழியில் சேருங்கள். நாலு அடுக்குத் தானியக் குதிர்கள், முற்றம் சமதளம், ஏறாமலேயே முழுதும் பார்க்கலாம். ஷெனினியிலிருந்து ததாவின் வந்து, அங்கிருந்து கொஞ்சம் தெற்கே போய்த் திரும்பினால் போதும். அன்று ஜெர்பா போய்ச் சேர இருட்டிவிடாதபடி க்ஸார் கிலானில் காலைச் சாப்பாட்டை முடித்த கையோடு கிளம்பிவிடுங்கள். ஜோர்ஃப் துறையில் படகுக்கு வண்டி வரிசை நிற்கும். நீளமாக இருந்தால் எல் கந்தரா தரைப்பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சொல்லுங்கள்.